வண்டி குடைசாயும் முன் சொல்லும் அறிகுறிகள்: மலைப்பாதையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டுபவர்களுக்கு

நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்திலும் ஜீப் குடைசாயும். மலைத்தடத்தில் வண்டி புரள வேகம் தேவையில்லை. தார்ச்சாலையில் பழகிய கைகால்களே போதும். பயம் வந்தால் பிரேக்கை அழுத்துவது, இன்ஜின் திணறினால் கிளச்சை மிதிப்பது, பள்ளம் தெரிந்தால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிப்பது: இந்த மூன்றும் ஊருக்குள் நம்மைக் காப்பாற்றும் பழக்கங்கள். சரிவில் இதே மூன்றும் வண்டியைப் புரட்டிவிடும்.

புரள்வதற்கு முன் வண்டி ஏதாவது ஒரு அறிகுறி காட்டும். அந்த அறிகுறிகளை வைத்தே இதை எழுதுகிறேன். உங்களுக்கு எது நேர்ந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். என் மனதில் இருப்பது கொழுக்குமலை போன்ற பாதைகள். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், ஆனால் ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 7,000 அடிக்கு மேல் ஏறும் தடம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் மழை அரித்துப்போட்ட கல்லும் குழியும். சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே கிளம்புகிறவர்கள் அதிகம் என்பதால், குழியின் ஆழம் விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஏற்றத்தின் பாதியில் இன்ஜின் திணறுகிறது, அல்லது நின்றேவிட்டது

புதிதாக மலையேறுகிறவர்கள் புரள்வதற்கு மிகவும் வாய்ப்புள்ள இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

என்ன நடக்கிறது என்றால், ஏற்றத்துக்கு முன்பே ஃபோர் வீல் லிவரை லோவில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) போடாமல், ஹையில் (சாதாரண நிலை) இரண்டாவது கியரில் வேகமாக வந்து ஏறிவிடலாம் என்று பார்க்கிறோம். பாதியில் இழுவை குறைகிறது. கியரைக் குறைக்கக் கிளச்சை மிதித்த அந்த ஒரு நொடியில் வந்த வேகமெல்லாம் போய்விடுகிறது. வண்டி நிற்கிறது, உடனே பின்னால் உருளத் தொடங்குகிறது. பதற்றத்தில் கிளச்சிலிருந்து காலை எடுப்பதில்லை. சக்கரங்களைப் பிடித்து நிறுத்தக்கூடிய இன்ஜினை நாமே கழற்றிவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்புகிறோம்.

மூக்கு மேலே இருக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி பின் சக்கரங்களில் இருக்கும், முன் சக்கரங்கள் லேசாகிவிடும். ஆனால் வண்டியின் பிரேக் பலத்தில் பெரும்பகுதி முன்னால்தான். லேசான முன் சக்கரங்கள் உடனே பூட்டிக்கொண்டு வழுக்குகின்றன. வழுக்கும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. மூக்கு ஒரு பக்கமாகச் சுழன்று, வண்டி சரிவுக்குக் குறுக்கே திரும்புகிறது. அதற்குப் பிறகு அது உருள்வதைத் தடுக்க எதுவும் இல்லை.

இன்ஜின் நின்றதும் செய்ய வேண்டியது இது. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதியுங்கள், கிளச்சைத் தொடாதீர்கள். கியரிலேயே நின்றிருக்கும் இன்ஜினும் ஒரு பிரேக்தான். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். வண்டி அசையாமல் நிற்கிறது என்று உறுதியான பிறகு, கூட இருப்பவர் இறங்கிப் பக்கவாட்டிலிருந்து பின் சக்கரங்களுக்குக் கல் போடலாம். வண்டிக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஜன்னல் வழியே தலையை நீட்டி முன் டயர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருப்பதாக மனம் சொல்லும், டயர் திரும்பியிருக்கும்.

பிறகு ரிவர்ஸ். பிரேக்கில் கால் அழுத்தியபடியே கிளச்சை மிதித்து, ரிவர்ஸ் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளச்சை முழுதாக விடுங்கள். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டது தெரிந்ததும் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். கிளச்சை மிதிக்காமலே சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும் பழைய ஜீப்பாக இருந்தால் இன்னும் எளிது. ரிவர்ஸ் போட்டபின் கிளச்சை விட்டுவிட்டு, கியரிலேயே ஸ்டார்ட் செய்தால் போதும், வண்டி தானாகவே பின்னோக்கி ஊரத் தொடங்கும். ஆட்டோமேட்டிக் என்றால் டிரைவில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. பிரேக், ஹேண்ட் பிரேக் இரண்டும் இருக்க, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்ட பிறகே பிரேக்கை விட வேண்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் மிஞ்சியிருக்கும். விட்டு விட்டு மிதித்தால் தீர்ந்துபோகும், அப்புறம் பிரேக் மிதி கல்லாகிவிடும். ஒரே மிதியாக மிதித்து அப்படியே பிடித்திருங்கள்.

இறங்கும்போது இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் கண் இருக்கட்டும். ஏறிய தடத்திலேயே நேராக இறங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றத்தின் நடுவில் வண்டியைத் திருப்பிக்கொண்டு முன்பக்கமாக இறங்க முயல வேண்டாம். இடம் அகலமாகத் தெரிந்தாலும் வேண்டாம். திருப்பும் நடுவே ஒரு கணம் வண்டி முழுதும் சரிவுக்குக் குறுக்கே நிற்கும், அந்தக் கணத்தில் கீழ்ப்பக்கம் ஒரு சிறு குழி இருந்தால் கதை முடிந்தது.

அடுத்த முறை இது நேராமலிருக்க, ஏற்றத்தை முதலில் நடந்து பாருங்கள். கீழே நின்றே லோவில் போட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரைத் தேர்ந்து, உச்சி வரை அதிலேயே போங்கள். சக்கரம் சுற்றி மண்ணை வாரத் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். விடாமல் மிதித்தால் ஒரு பக்கம் குழி ஆழமாகிக்கொண்டே போய், ஏற்றம் பக்கச் சரிவாகவும் மாறிவிடும்.

அறிகுறி: இறக்கத்தில் வண்டி நினைத்ததைவிட வேகமாக ஓடுகிறது, பிரேக் போட்டால் வழுக்குகிறது

கியர் பெரிது, அவ்வளவுதான் காரணம். மஹிந்திரா தாரின் லோ விகிதம் 2.48. அதே கியரில், அதே இன்ஜின் சுழற்சியில் வண்டியின் வேகம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது, இன்ஜின் பிடித்திழுக்கும் பலமும் அதே அளவு கூடுகிறது. மாருதி ஜிம்னியில் இந்த விகிதம் ஏறக்குறைய 2, அதாவது வேகம் பாதி. ‘ஃபோர் வீல் போட்டிருக்கிறேன், போதும்’ என்று ஹையிலேயே செங்குத்தான இறக்கத்தில் இறங்குகிறவர்கள், வண்டியோடு காசு கொடுத்து வாங்கிய மிகப் பெரிய பாதுகாப்பைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே நின்று, லோவில் முதல் கியர் போட்டு, கிளச்சிலிருந்து காலை முழுதாக எடுத்து, கால் தரையில் இருக்கட்டும். பாதி இறக்கத்தில் ஹையிலிருந்து லோவுக்கு மாற்ற முயல வேண்டாம். நடுவில் வண்டி நியூட்ரலில் ஓடும்.

வண்டி ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிவிட்டால்? சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிரேக்கை விடுங்கள். வால் ஒரு பக்கமாக வருவது தெரிந்தால் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். வேகம் கூடிவிடுமே என்று உடம்பு மறுக்கும், ஆனாலும் செய்ய வேண்டும். சக்கரம் மறுபடி சுழன்றால்தான் ஸ்டியரிங் கேட்கும். மூக்கைச் சரிவின் நேர்க்கீழ்த் திசைக்குக் கொண்டுவந்த பிறகு, ஆக்சிலரேட்டரை விட்டு இன்ஜினிடம் ஒப்படையுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது என்று தைரியப்பட வேண்டாம். சரளையிலும் உதிர்மண்ணிலும் ஏபிஎஸ் நிறுத்தும் தூரத்தை நீட்டிக்கும்.

மூக்கு கீழே இருக்கும்போது பின் சக்கரங்கள் லேசாக இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். இறக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஃபோர் வீலிலும் கியரிலும் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

அறிகுறி: கருகிய வாடை, பிரேக் மிதி ஆழமாகப் போகிறது, அல்லது இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை

இவை இரண்டு வேறு நோய்கள். மிதி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் பேடும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டன. மிதி பஞ்சுபோல் உள்ளே போகிறதென்றால் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டது. இரண்டாவதுதான் கொடியது, ஏனென்றால் திடீரென்று வரும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4 என்றால் 230, பிறகு 155. அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் டப்பாவைப் பார்த்துவிட்டு மலையேறுகிறவர்கள், ஆயில் மாற்றி எத்தனை வருடமாகிறது என்றும் யோசிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வாடை வந்ததுமே சமமான இடம் பார்த்து நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடலாம், கோணலாகலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே மிதி தரையைத் தொட்டுவிட்டால், விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், சிறிதளவு அழுத்தம் திரும்பி வரலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் மலைப்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்துங்கள். பம்பரும் கதவும் போனால் போகட்டும்.

அறிகுறி: பக்கச் சரிவில் இருக்கையிலிருந்து வழுக்குகிறோம், மேல்பக்கச் சக்கரம் லேசாகிறது

இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளின் குடைசாயும் அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய அளவைப் பயன்படுத்துகிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடை மையம் இருக்கும் உயரத்தால் வகுப்பது. கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும், உயரமான வண்டிகளுக்குப் பொதுவாக 1.0 முதல் 1.3 வரை.

ஒரு உதாரணம். சக்கர அகலம் 150 சென்டிமீட்டர், எடை மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில், வண்டி எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 75ஐ 70ஆல் வகுத்தால் 1.07. கோணமாகச் சொன்னால் 47 டிகிரி. ‘அவ்வளவு சாயுமா’ என்று நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து இருக்கிறது. இந்த 47 டிகிரி, ஸ்பிரிங்கும் டயரும் அசையாமல் விறைத்து நிற்கும் காகித வண்டிக்கு உரியது.

இப்போது கூரைக் கேரியரில் 100 கிலோ ஏற்றுங்கள். எடை மையம் 76 சென்டிமீட்டருக்கு ஏறி, கோணம் 44 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்க ஸ்பிரிங் அமுங்கி, மேல்பக்கம் விரிந்து, உடல் இன்னும் சில டிகிரி சாயும். இதையெல்லாம்விடப் பெரியது குழி. கீழ்ப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் 20 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் சாய்வு ஏறத்தாழ 8 டிகிரி கூடும். அதே நேரம் மேல்பக்கச் சக்கரங்கள் 20 சென்டிமீட்டர் கல்லில் ஏறினால் இன்னொரு 8. ஒரு சக்கரம் மட்டும் இறங்கினாலோ ஏறினாலோ இதில் பாதி என்று கொள்ளலாம். 25 டிகிரிச் சரிவு, குழியும் கல்லும் சேர்ந்து 41 டிகிரி ஆகிறது. வண்டி ஆடியபடி இறங்கும் அந்த ஆட்டம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே சரிவைவிடச் சரிவில் என்ன கிடக்கிறது என்பதே முக்கியம். அதே அமைப்பின் தரவுகளின்படி, ஒற்றை வண்டி குடைசாயும் விபத்துகளில் 95 விழுக்காடு, சக்கரம் எதிலாவது இடறி நடப்பவை. குழி, கல், மென்மண், விளிம்பு. கைப்பேசியிலேயே சாய்வுக் கோணம் காட்டும் செயலிகள் உண்டு, டேஷ்போர்டில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம். 25 டிகிரிக்கு மேல் காட்டும் பக்கச் சரிவில் நான் வண்டியை ஏற்றுவதில்லை. ஈர மண்ணாக இருந்தால் 15லேயே வேறு வழி தேடுவேன்.

சாயத் தொடங்கிவிட்டால்: ஸ்டியரிங்கைக் கீழ்ப்பக்கம், பள்ளத்தை நோக்கித் திருப்பி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். மேல்பக்கம் திருப்பினால் எடை இன்னும் கீழ்ப்பக்கச் சக்கரங்களில் விழுந்து புரட்டிவிடும். கீழே திருப்பினால் வண்டி சரிவை நேராகப் பார்க்கும், நான்கு சக்கரமும் மண்ணைத் தொடும். இது கீழே இறங்க இடம் இருக்கும் புல்மேட்டுக்கும் அகலமான சரிவுக்கும் பொருந்தும். கீழே செங்குத்துப் பள்ளம் என்றால் திருப்ப வழியில்லை, நின்றுவிடுங்கள். எல்லோரும் மேல்பக்கக் கதவு வழியாக, ஒவ்வொருவராக, வண்டியை ஆட்டாமல் இறங்க வேண்டும். முதலில் மேல்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இறங்கினால், மேல்பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்த அவருடைய எடையும் போய்விடும். அதை ஈடுகட்ட, வெளியேறியவர் மேல்பக்கச் சட்டத்தைப் பிடித்துத் தொங்க முயல வேண்டாம், கயிறுதான் வழி. மேல்பக்கத்து மரத்திலோ வேறொரு வண்டியிலோ சேஸிஸைக் கட்டி இழுத்து நிறுத்திய பிறகே மற்றவர்கள் நகர்வது பாதுகாப்பு. கீழ்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. வண்டியைக் கையால் தாங்கிப் பிடித்துவிடலாம் என்று ஓடுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். ஒன்றரை டன்னைத் தாங்கும் தோள் யாருக்கும் இல்லை.

அறிகுறி: பள்ளத்துப் பக்கச் சக்கரம் மெல்ல இறங்குகிறது

தேயிலைத் தோட்டப் பாதைகளின் வெளி விளிம்பு பல இடங்களில் வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது. மலைப்பக்கம் வெட்டிய பழைய மண், அது கெட்டி. வெளிப்பக்கம் மழை பெய்தால் ஊறி இளகிவிடும், மேலே புல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இறங்குவதை உணர்ந்ததும் நின்றுவிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்து மேலே ஏறப் பார்த்தால் சக்கரம் விளிம்பு மண்ணை வெட்டித் தள்ளும். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தால் மூக்கு உள்ளே போகும், பின் சக்கரமோ அதே இளகிய விளிம்பில்தான் உருளும். மலைப்பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, வண்டியை மலைப்பக்கம் கட்டிய பின் வின்ச்சாலோ (கயிற்றைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) இன்னொரு வண்டியாலோ இழுக்க வேண்டும்.

எதிரே வண்டி வரும்போதுதான் இது அதிகம் நேர்கிறது. ஒதுங்க இடம் கொடுக்கிறேன் என்று வெளி விளிம்புக்குப் போகிறோம். ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது நம் நாட்டுச் சாலை விதிகளிலேயே உள்ளது. இறங்கும் வண்டிதான் நிற்கவோ பின்வாங்கவோ வேண்டும். மேல்நோக்கிப் பின்வாங்குவது, கீழ்நோக்கிப் பின்வாங்குவதைவிடக் கட்டுப்பாடானதும்கூட. ஒதுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மலைப்பக்க ஓடையில் சக்கரத்தை இறக்குங்கள். ஓடையில் மாட்டினால் அரைநாள் போகும், அவ்வளவுதான்.

அறிகுறி: கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் இறுகுகிறது, அல்லது ஒரே மடக்கில் திரும்பவில்லை

காய்ந்த, கெட்டியான தரையில் ஃபோர் வீலில் போட்டுக்கொண்டு முழுதாக ஒடித்தால், வளைவில் வேறுவேறு தூரம் ஓட வேண்டிய முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுக்கும். ஸ்டியரிங் இறுகி, வண்டி குதிக்கும். பிடிப்புள்ள சமதளத்தில் டூ வீலுக்கு (இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் இழுவை) மாற்றினால் சரியாகிவிடும். செங்குத்தில் நின்றுகொண்டு மாற்ற வேண்டாம்.

ஒரே மடக்கில் திரும்பாத வளைவில், மூக்கு பள்ளத்தை நோக்கியும் முதுகு மலையை நோக்கியும் இருக்குமாறு முன்னும் பின்னும் எடுங்கள். பள்ளம் கண்ணெதிரே இருப்பது பயமாக இருக்கும், ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். முதுகைப் பள்ளத்துக்குக் காட்டினால் ஊகத்தில்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பள்ளத்துப் பக்கச் சக்கரத்தின் முன் பெரிய கல்லை வைக்க ஒருவர் இறங்கி நிற்கட்டும்.

அறிகுறி: ஒரு சக்கரம் காற்றில் சுற்றுகிறது

குறுக்குக் குழிகளில் எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும். இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பில்லாத சக்கரத்துக்கே அதை அனுப்பும். அது வெறுமனே சுற்றும்போது ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பதுதான் தவறு. வேகமாகச் சுற்றும் சக்கரம் சட்டென்று கல்லைத் தொட்டதும் வண்டி ஒரு பக்கமாக எகிறும். காலை எடுங்கள். டிஃப் லாக் (இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு) இருந்தால் நின்றபடியே போட்டு மெதுவாக ஊர்ந்து வாருங்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டுக்கும் உண்டு. லாக் போட்ட பிறகு வண்டி நேராகவே போகப் பார்க்கும், ஈரமான பக்கச் சரிவில் இரண்டு சக்கரமும் சேர்ந்து கீழே நழுவும், அதனால் தடை கடந்ததும் எடுத்துவிடுங்கள். லாக் இல்லையென்றால் தொங்கும் சக்கரத்துக்கு அடியில் கல்லை அடுக்குவதுதான் மலையில் எப்போதும் செல்லுபடியாகும் வைத்தியம்.

ஸ்டியரிங் பிடிக்கும்போது கட்டைவிரல்களை வளையத்துக்கு உள்ளே கொடுக்காதீர்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் முன் சக்கரம் கல்லில் அடித்தால் வளையம் சுழன்று விரலை ஒடித்துவிடும்.

அறிகுறி: சாய்வில் டயர் ரிம்மிலிருந்து பிதுங்குகிறது

காற்றை அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். கல்லுக்கும் சேற்றுக்கும் 18 முதல் 20 பிஎஸ்ஐ நல்லது. டயரை ரிம்மோடு பிடித்துவைக்கும் பூட்டு இல்லாத சாதாரண சக்கரத்தில் 15க்குக் கீழே போனால், பக்கச் சரிவில் கீழ்ப்பக்க டயர் கழன்று, ரிம் மண்ணில் குத்தும். குத்திய இடமே இடறுகல்லாகும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிடுங்கள்.

அறிகுறி: கீழே நின்று கைகாட்டுகிறவர் சொல்வது குழப்புகிறது

மூன்று பேர் மூன்று பக்கம் நின்று கத்தினால் ஓட்டுகிறவர் கடைசியாகக் கேட்டதைச் செய்வார். ஒருவர் மட்டும் சொல்லட்டும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: ‘ரைட், ரைட்’ என்றால் ‘போகலாம்’ என்று பஸ் ஏறிப் பழகிய எல்லோருக்கும் தெரியும், ‘வலப்பக்கம் ஒடி’ என்றும் அதையே சொல்வோம். விளிம்பில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: திருப்ப ‘டிரைவர் பக்கம்’, ‘கிளீனர் பக்கம்’, நகர ‘வா’, நிறுத்த உயர்த்திய முஷ்டி. கைகாட்டுகிறவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வண்டியின் பாதைக்கு வெளியே, மேல்பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் தெரியவில்லை என்றால் வண்டி நின்றுவிட வேண்டும்.

வண்டி சாய்ந்தேவிட்டது

சாயும் நேரத்தில் குதிக்காதீர்கள். குதிக்கிறவர் விழும் இடத்தில்தான் வண்டியும் விழும். பெல்ட் போட்டிருந்தால் இருக்கையோடு ஒட்டி, கைகளை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கூரையைத் தாங்கப் போகும் கை நசுங்கும். தார்ப்பாய் போட்ட ஜீப்புகளில் பாயைத் தாங்கும் மெல்லிய குழாய்களைப் பாதுகாப்புக் கூண்டு என்று எண்ணி ஏமாறாதீர்கள், அவை மடங்கிவிடும். பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் பெல்ட் இல்லாமல் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஜாக்கி, கல், தண்ணீர் கேன், ஸ்பேனர் பெட்டி எல்லாம் கட்டப்பட்டிருக்க வேண்டும். புரளும்போது அவை ஆட்களைத் தாக்கும்.

நின்றதும் முதல் வேலை சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பது. தலைகீழாகக் கிடக்கும் டீசல் இன்ஜினில் ஆயில் காற்றுவழிக்குள் போனால், அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். தலைகீழாகத் தொங்கினால் பெல்ட்டைக் கழற்றும் முன் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கழுத்தில் விழுவீர்கள். வெளியே இருப்பவர்கள் ஓடிப்போய்க் கதவை இழுப்பதற்கு முன், வண்டி இன்னொரு முறை உருளாதபடி கல் வைத்து, கயிறால் கட்ட வேண்டும். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, தீயோ மேலும் உருளும் ஆபத்தோ இல்லாதவரை அசைக்காதீர்கள். அழைக்க வேண்டிய எண்கள் 112, 108. மலையில் சிக்னல் கிடைக்கும் கடைசி வளைவு எது என்று ஏறும்போதே பார்த்துவைத்தால், ஓட வேண்டிய தூரம் தெரியும்.

ஆட்கள் எல்லோரும் பத்திரம் என்றால் வண்டியைப் பார்க்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நிமிர்த்தும்போது ஒரு கயிறு இழுக்க, எதிர்ப்பக்கம் இன்னொரு கயிறு பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் மறுபக்கம் போய்விடும். கயிறு சேஸிஸிலோ ஆக்சிலிலோ மாட்டப்படட்டும், கேரியரில் வேண்டாம். இழுக்கும் கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

நிமிர்ந்ததும் சாவியைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். சிலிண்டருக்குள் இறங்கிய ஆயில் அமுங்காது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஆயில் கீழே வடியட்டும். ஏர் ஃபில்டரைத் திறந்து ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் குளோ பிளக்குகளையும் கழற்றி, எரிபொருள் வராதபடி செய்து, இன்ஜினைச் சில சுற்றுகள் சுற்றினால் உள்ளே தேங்கியது துளை வழியே பீய்ச்சி வெளியேறும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குகளை மாட்டிய பிறகு இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றின் அளவையும் பாருங்கள், பேட்டரி அமிலம் சிந்தியிருந்தால் கழுவுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சிறிது நேரம் வெண்புகை வரும், அது பயப்பட வேண்டியதல்ல. ஸ்டியரிங் ராடு, வீல் நட், ஸ்பிரிங் யூ-போல்ட் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, நின்ற இடத்திலேயே பிரேக்கைச் சோதித்து, ஓட்டுநர் மட்டும் ஏறி லோவில் முதல் கியரில் இறங்கட்டும். மற்றவர்கள் மலைப்பக்கமாக நடந்து வரலாம்.